டாவிஸ்டாக் சதுக்கத்தில் ஐந்து வாரங்கள்

மகள் காலை ஒன்பதரைக்கு வகுப்புக்குக் கிளம்பிவிடுவாள். அவள் எடுத்திருந்த சின்ன ஃபிளாட்டில் சன்னலைத் திறந்தால் எதிர்வீட்டுச் செங்கல் சுவர். சமையலை முடித்து, பாத்திரம் கழுவி, துணியை மடித்து வைத்தாலும் பதினொரு மணிதான் ஆகும். அதற்கு மேல் அங்கே உட்கார முடியாது. ஏப்ரல் நடுவில் லண்டன் போய் மே 17 வரை அவளோடு இருந்தேன். அந்த ஐந்து வாரமும், மழை கொட்டிய நாட்கள் தவிர, என் பகல்பொழுது போனது டாவிஸ்டாக் சதுக்கத்தில்தான்.

லண்டனில் பார்க்க எவ்வளவோ இருக்கிறது. அரண்மனையையும் கோபுரத்தையும் பெரிய கடிகாரத்தையும் மகள் சனி, ஞாயிறுகளில் கூட்டிப் போய்க் காட்டினாள். எல்லாம் அழகுதான். ஆனால் ஊருக்கு வந்தபிறகும் கண்ணை மூடினால் வருவது அந்தத் தோட்டம்தான். அதைப் பற்றி முழுசாக எழுதிவிட வேண்டும் என்று அங்கே இருக்கும்போதே முடிவு செய்திருந்தேன்.

முதல் நாள் நம்ம ஊர் பார்க் மாதிரி இருக்கும் என்று நினைத்துப் போனேன். அது வேறு மாதிரி. நான்கு பக்கமும் தெரு, தெருவைப் பார்த்தபடி வரிசையாகக் கட்டடங்கள், நடுவில் கம்பி வேலிக்குள் ஒரு தோட்டம். நம் தெப்பக்குளத்தைச் சுற்றி நான்கு வீதி இருக்குமே, அந்தக் குளத்தில் தண்ணீருக்குப் பதில் மரமும் புல்லும் இருந்தால் எப்படி இருக்கும்? அப்படி. லண்டனின் புளூம்ஸ்பரி பகுதி முழுக்க இப்படிப்பட்ட சதுக்கங்கள்தான். பெட்ஃபர்ட் கோமகன்களின் நிலம் அது. அந்தக் குடும்பத்து மூத்த மகனுக்கு 'டாவிஸ்டாக் பிரபு' என்று பட்டம். சதுக்கத்தின் பெயர் அங்கிருந்து வந்தது. கிழக்குப் பக்க வீடுகளை 1800-களின் தொடக்கத்தில் ஜேம்ஸ் பர்ட்டன் என்ற கட்டுநர் ஆரம்பித்தார். 1820-களில் தாமஸ் கியூபிட் கட்டிய மேற்குப் பக்க வரிசை இன்னும் நிற்கிறது.

அந்தக் காலத்தில் நடுத்தோட்டம் சுற்றிலும் குடியிருந்தவர்களுக்கு மட்டும்தான். பூட்டு இருக்கும், சாவி வீட்டுக்காரர்களிடம் இருக்கும். மற்றவர்கள் கம்பிக்கு வெளியே நின்று பார்த்துவிட்டுப் போக வேண்டியதுதான். லண்டனில் இன்றும் அப்படிச் சாவி போட்டுத் திறக்கும் தோட்டங்கள் உண்டு. டாவிஸ்டாக் இப்போது எல்லோருக்கும் திறந்தே இருக்கிறது. கேம்டன் நகராட்சி பராமரிக்கிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இந்தத் தோட்டங்கள் தப்பிப் பிழைத்ததே பெரிய காரியம். 1920-களில் நில விலை ஏறியபோது, பக்கத்திலேயே யூஸ்டன் சதுக்கத்தின் தெற்குத் தோட்டத்தில் பெரிய கட்டடம் எழும்பிவிட்டது. கொஞ்சம் வடக்கே மார்னிங்டன் கிரசென்ட் தோட்டத்தில் சிகரெட் தொழிற்சாலையே வந்துவிட்டது. ஜனங்கள் பொறுக்க முடியாமல் குரல் எழுப்பினார்கள். விசாரணைக் குழு அமைத்தார்கள். 1931-இல் லண்டன் சதுக்கங்களைப் பாதுகாக்கத் தனிச் சட்டமே வந்தது. 461 தோட்டங்களை அது காப்பாற்றியது. ஏரியைத் தூர்த்து பேருந்து நிலையம் கட்டிய ஊரிலிருந்து போனவள் நான். அந்த எண்ணைப் படித்ததும் கொஞ்ச நேரம் பேச்சு வரவில்லை.

சரி, உள்ளே போவோம். தலைக்கு மேலே பிளேன் மரங்கள். நாலு பேர் கை கோத்தால்தான் கட்டிப்பிடிக்க முடியும் என்கிற அளவுக்கு அடிமரம். பட்டை தேமல் போலத் திட்டுத்திட்டாக உரிந்து, உள்ளே வெளிர்மஞ்சள் தெரியும். நிலக்கரிப் புகை மூடிக்கிடந்த காலத்தில் மற்ற மரங்கள் பட்டுப்போக, கரி படிந்த பட்டையை உதறிவிட்டு இந்த மரம் மட்டும் தாக்குப்பிடித்தது என்பார்கள். நான் போனபோது இலை அப்போதுதான் விரியத் தொடங்கியிருந்தது. போகும் நாளில் நிழல் முழுசாகக் கவிந்துவிட்டது.

நடுவில், எல்லா நடைபாதையும் வந்து சேரும் இடத்தில், காந்தி உட்கார்ந்திருக்கிறார்.

சம்மணமிட்டு, தலை கொஞ்சம் குனிந்து, மேலே ஒரு துண்டு. வெண்கலச் சிலை. ஃப்ரெடா பிரில்லியன்ட் என்ற சிற்பி செய்தது. 1968 மே 17 அன்று பிரதமர் ஹெரால்ட் வில்சன் திறந்து வைத்தார். காந்தி 1888-இல் சட்டம் படிக்க லண்டன் வந்தவர் இல்லையா? அவர் பாடம் கேட்கப் போன யூனிவர்சிட்டி காலேஜ் இங்கிருந்து சில நிமிட நடைதான். ஊரில் நாம் பார்த்துப் பழகிய காந்தி கைத்தடியோடு விறுவிறுவென்று நடப்பவர். மெரினாவில் அவர் நடந்துகொண்டேதான் இருக்கிறார். இங்கே உட்கார்ந்துவிட்டார். அந்த வித்தியாசம் எனக்கு மிகவும் பிடித்திருந்தது. நடந்து நடந்து களைத்த மனிதர் ஒரு மரத்தடியில் வந்து அமர்ந்த மாதிரி.

பீடத்தைக் கிட்டப்போய்ப் பார்க்க வேண்டும். சிலைக்குக் கீழே அது குடைந்திருக்கிறது, நம் வீட்டு மாடப்பிறை மாதிரி. பூவோ விளக்கோ வைப்பதற்கென்றே அப்படி அமைத்திருக்கிறார்கள். முதல் நாள் குனிந்து உள்ளே பார்த்தேன். அலுமினியக் கிண்ணத்தில் எரிந்து முடிந்த குட்டி மெழுகுவத்திகள் ஏழெட்டு. உருகி வழிந்து கல்லோடு ஒட்டிக்கொண்ட மெழுகு, அதில் பதிந்து கிடந்த ஒரு செவ்வந்தி இதழ். காய்ந்த ரோஜா. நாலாக மடித்த தாள் ஒன்று, மழையில் நனைந்து மை பரவியிருந்தது. யாரோ யாருக்காகவோ எழுதியது. எடுத்துப் பார்க்க மனசு வரவில்லை. திரி கருகிய வாசனை லேசாக இருந்தது. லண்டன் வந்தபிறகு முதல்முறையாக நம்ம ஊர்க் கோயில் ஒன்றின் ஓரத்தில் நிற்கிற மாதிரி ஓர் உணர்வு. தானாகவே கை கூப்பினேன்.

அதன்பிறகு தினமும் அங்கேதான். பிளாஸ்கில் காபி, டப்பாவில் இட்லியோ உப்புமாவோ, மடித்து வைக்கக் குளிர்கோட்டு. சிலைக்கு எதிர் பெஞ்சு. போகப்போக ஒவ்வொரு மூலையாகப் பார்த்தேன். ஒவ்வொன்றின் கீழும் ஒரு தகடு இருக்கும். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வாசிப்பேன். சாயங்காலம் மகளிடம் சொல்வேன். அவள் தன் போனில் தேடி மிச்சத்தைச் சொல்வாள். இப்படித்தான் இந்தத் தோட்டம் எனக்குக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்தது.

காந்தியிலிருந்து கொஞ்சம் தள்ளி ஒரு செர்ரி மரம். நான் போன வாரம் பூ முடியும் தறுவாயில் இருந்தது. காற்றடித்தால் இதழ் கொட்டும். அடியில் புல்லே தெரியாத அளவுக்கு இதழ். குழந்தைகள் அள்ளி வீசி விளையாடின. அழகு பார்த்துக்கொண்டே போய்த் தகட்டைப் படித்தேன். ஹிரோஷிமாவில் குண்டுக்குப் பலியானவர்களின் நினைவாக நட்ட மரம். 1967 ஆகஸ்ட் 6 அன்று கேம்டன் மேயராக இருந்த மில்லி மில்லர் நட்டிருக்கிறார். காந்தி வருவதற்கு ஒரு வருஷம் முன்பே இந்த மரம் வந்துவிட்டது. ஆண்டுதோறும் ஆகஸ்ட் 6 அன்று இந்த மரத்தடியில் கூடுகிறார்கள்.

தென்கிழக்கு மூலையில் ஒரு பெண்மணியின் சிலை. மார்பளவுச் சிலை, அதுவும் இரண்டு. முதுகோடு முதுகு ஒட்டி, ஒன்று தெருவைப் பார்க்கிறது, ஒன்று தோட்டத்தைப் பார்க்கிறது. இரண்டும் ஒரே முகம். லூயிசா ஆல்ட்ரிச்-பிளேக், 1865-இல் பிறந்து 1925-இல் இறந்தவர். அறுவை மருத்துவத்தில் முதுநிலைப் பட்டம் பெற்ற முதல் பிரிட்டிஷ் பெண். லண்டன் பெண்கள் மருத்துவப் பள்ளிக்கு 1914 முதல் சாகும்வரை தலைவராக இருந்தவர். அந்தப் பள்ளி இருந்த ஹன்டர் தெரு இங்கிருந்து ஐந்தாறு நிமிட நடை.

இந்தப் பள்ளியின் பெயரைக் கேட்டதும் எனக்கு எங்கோ மணி அடித்தது. மகளைத் தேடச் சொன்னேன். நினைத்தது சரிதான். மேரி ஷார்லீப் படித்த பள்ளி இது.

மேரி ஷார்லீப் யார் என்று சென்னைக்காரர்களுக்கே பலருக்குத் தெரியாது. கணவர் மெட்ராஸில் வக்கீல். ஆண் டாக்டரிடம் காட்ட மாட்டோம் என்று பிரசவத்தில் பெண்கள் செத்துப்போவதைப் பார்த்துப் பார்த்து, தானே டாக்டராவது என்று முடிவெடுத்தவர். 1875-இல் மெட்ராஸ் மருத்துவக் கல்லூரி முதன்முதலாகச் சேர்த்துக்கொண்ட நான்கு பெண்களில் ஒருவர். அங்கே மூன்று வருஷம் முடித்தார். லண்டன் வந்து இந்தப் பெண்கள் மருத்துவப் பள்ளியில் சேர்ந்து முழுப் பட்டம் வாங்கினார். அப்புறம் மெட்ராஸுக்குத் திரும்பி 1885-இல் பெண்களுக்கென்று ஒரு மருத்துவமனை தொடங்கினார். கோஷா முறையில், அதாவது வெளி ஆண்கள் கண்ணில் படாமல், இருக்கும் பெண்களும் தயங்காமல் வர வேண்டும் என்று பெண் டாக்டர்களே பார்க்கும் மருத்துவமனை. இப்போது அரசு ஏடுகளில் கஸ்தூர்பா காந்தி மருத்துவமனை. திருவல்லிக்கேணியில் ஆட்டோக்காரரிடம் கேட்டால் இன்றும் 'கோஷா ஆஸ்பத்திரி'.

நானும் என் அக்காவும் பிறந்தது அங்கேதான்.

பெஞ்சிலிருந்தபடியே அம்மாவுக்கு போன் போட்டேன். ஊரில் சாயங்காலம். விவரத்தைச் சொன்னேன்.

"கோஷா ஆஸ்பத்திரியா? அது வெள்ளைக்காரம்மா கட்டினதுன்னு எங்க பாட்டி சொல்வாங்க. நீ பொறந்த அன்னிக்கு மழைன்னா மழை. உங்கப்பா ரிக்‌ஷா கிடைக்காம பீச் ரோடு முழுக்க அலைஞ்சாரு."

"அந்த வெள்ளைக்காரம்மா படிச்ச ஸ்கூலுக்குப் பின்னால தலைவரா இருந்தவங்க சிலை இங்க இருக்கும்மா. அதுக்கு முன்னாடிதான் உட்கார்ந்திருக்கேன்."

அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "ரெண்டு பூ கிடைச்சா வெச்சுட்டு வா" என்றாள்.

மறுநாள் பக்கத்துக் கடையில் ஒரு கொத்து மஞ்சள் டாஃபடில் வாங்கி வந்தேன். பாதியை லூயிசாவுக்கு வைத்தேன். எந்த முகத்துக்கு வைப்பது என்று ஒரு நிமிஷம் யோசித்து, தோட்டத்தைப் பார்க்கும் முகத்துக்கே வைத்தேன். மீதியைக் காந்திக்குக் கீழே மாடத்தில்.

தென்மேற்கு மூலையில் ஆங்கில எழுத்தாளர் வர்ஜீனியா வுல்ஃப். 2004-இல் வைத்த மார்பளவுச் சிலை. இதே சதுக்கத்தின் தெற்குப் பக்கம் 52-ஆம் எண் வீட்டில் 1924 முதல் 1939 வரை குடியிருந்தார். இந்தத் தோட்டத்தைச் சுற்றி நடந்துகொண்டிருந்தபோது ஒரு நாவல் முழுதும் தன்னை அறியாமல் பொங்கி வந்துவிட்டதாகக் குறித்து வைத்திருக்கிறார். வீட்டின் கீழ்த்தளத்தில் அவரும் கணவர் லெனர்டும் நடத்திய பதிப்பகம். அவர்கள் காலி செய்த மறுவருஷம், 1940 அக்டோபரில், ஜெர்மன் குண்டு விழுந்து அந்த வீடு போய்விட்டது. இப்போது அந்த இடத்தில் ஒரு ஹோட்டல்.

ஆனால் என்னை அதிகம் இழுத்தது லெனர்டின் நினைவாக நிற்கும் கிங்கோ மரம்தான். விசிறி மாதிரி இலை, தளிர்ப்பச்சை. லெனர்ட் வுல்ஃப் இலங்கையில் அரசு அதிகாரியாக இருந்தவர். 1904 டிசம்பர் 16 அன்று கொழும்பில் வந்து இறங்கியிருக்கிறார். சரியாக நூறு வருஷம் கழித்து அதே தேதியில், 2004 டிசம்பர் 16 அன்று, இலங்கைத் தூதர் இங்கே இந்த மரத்தை நட்டார். லெனர்ட் முதலில் வேலை பார்த்த ஊர் யாழ்ப்பாணம். 1905-இல் அங்கே போய் இரண்டரை வருஷம் இருந்தார். தமிழும் கற்றுக்கொண்டார். ஆளும் வேலையே மனசுக்குப் பிடிக்காமல் போய் 1911-இல் விடுப்பில் ஊர் வந்தவர், திரும்பிப் போகாமல் ராஜினாமா செய்தார். யாழ்ப்பாணத்து வெயிலில் தமிழ் படித்த ஒருவரின் பெயரில் லண்டன் குளிரில் ஒரு மரம். அதைக் கடக்கும்போதெல்லாம் ஓர் இலையையாவது தொட்டுவிட்டுப் போவேன்.

வள்ளுவர்கூட ஐந்து நிமிட நடையில்தான் இருக்கிறார். கீழைநாட்டு ஆய்வுகளுக்கான கல்லூரியின் வளாகத்தில், 1996-இல் வைத்த சிலை. நம்ம கணபதி ஸ்தபதி செதுக்கியது. ஒரு மதியம் நடந்து போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். மாணவர்கள் அவர் காலடியில் உட்கார்ந்து சாண்ட்விச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். கொல்லாமைக்குத் தனி அதிகாரம் எழுதியவர் இருக்க வேண்டிய இடம் இந்தத் தோட்டம்தான் என்று எனக்குத் தோன்றியது. காரணம், தோட்டத்தின் வடக்குப் பக்கம் இருக்கும் அந்தப் பாறை.

செதுக்காத பெரிய சிலேட்டுப் பாறை. ஆளுயரத்துக்குக் கிட்டத்தட்ட வரும். பார்த்தால் மலையிலிருந்து பெயர்த்து அப்படியே கொண்டுவந்து வைத்த மாதிரி இருக்கும். அதில் பொறித்திருப்பதன் பொருள் இது: கொல்ல மறுக்கும் உரிமையை நிலைநாட்டியவர்கள், இன்றும் அதைக் காத்து வருகிறவர்கள் எல்லோருக்கும். 1994 மே 15 அன்று இசையமைப்பாளர் மைக்கேல் டிப்பெட் திறந்து வைத்தார். அவரே இரண்டாம் உலகப்போரில் போர்ப்பணிக்கு மறுத்து 1943-இல் சிறைக்குப் போனவர்.

போரில் செத்தவர்களுக்கு நினைவுக்கல் எல்லா ஊரிலும் உண்டு. நமக்கு அது சங்க காலத்திலேயே நடுகல். ஆனால் போருக்குப் போக மாட்டேன் என்றவனுக்குக் கல் நட்டு நான் பார்த்ததில்லை. படித்ததுமில்லை. அந்தப் பாறைக்கு முன்னால் நான் நின்ற நேரம் ரொம்ப அதிகம்.

1916-இல்தான் பிரிட்டனில் கட்டாய ராணுவச் சேவை வந்தது. மனச்சாட்சி இடம் கொடுக்கவில்லை என்று சுமார் 16,000 பேர் மறுத்தார்கள். ஒவ்வொருவரையும் தீர்ப்பாயத்தில் நிறுத்திக் கேள்வி கேட்டார்கள். ஆயிரக்கணக்கானவர்கள் சிறைக்குப் போனார்கள். சிலரை வலுக்கட்டாயமாகப் பிரான்சுக்குக் கொண்டுபோனார்கள். போர்முனையில் கட்டளைக்கு மறுத்தால் அங்கே சட்டம் வேறு. 35 பேருக்கு மரண தண்டனை விதித்து, வரிசையாக நிற்கவைத்து வாசித்தார்கள். பிறகு அதைப் பத்து வருஷக் கடுங்காவலாகக் குறைத்தார்கள். ஊரெல்லாம் கோழை என்று ஏசியது. விடுதலையாகி வந்தவர்களுக்கு வேலை கிடைக்கவில்லை, சில வருஷம் ஓட்டுரிமைகூட இல்லை. அண்ணன் போர்முனையில், தம்பி சிறையில் என்று கிடந்த வீடுகளில் தாய்மார்கள் எப்படிச் சோறு சாப்பிட்டிருப்பார்கள் என்று யோசித்துக்கொண்டு நிற்பேன்.

இங்கே ஒன்றை மறைக்காமல் சொல்லியாக வேண்டும். அந்தப் பாறையிலிருந்து பார்த்தால் தெரியும் தூரத்தில் உட்கார்ந்திருக்கும் காந்தியே 1918-இல் குஜராத்தின் கேடா மாவட்டத்தில் பிரிட்டிஷ் படைக்கு ஆள் சேர்க்க ஊர் ஊராக நடந்தவர். நடந்து நடந்து உடம்பு கெட்டுப் படுத்தே போனார். அகிம்சை பேசியவர் இப்படிச் செய்யலாமா என்று அப்போதே நெருங்கியவர்கள் கேட்டார்கள். எனக்கும் அது நெருடத்தான் செய்கிறது. அதே காலத்தில் இந்த ஊர்ச் சிறைகளில், கொல்ல மாட்டேன் என்று சொன்ன பையன்கள் இருந்தார்கள். அந்த விஷயத்தில் அவர்கள் காந்தியைவிட முன்னால் போய் நின்றவர்கள் என்றே நினைக்கிறேன். இப்படிச் சொல்வதால் அவர்மேல் எனக்குள்ள மரியாதை குறையவில்லை. மறுக்கிற துணிச்சல் எவ்வளவு கஷ்டமானது என்று புரிந்தது.

தோட்டத்துக்கு வடகிழக்கே, தெருவைத் தாண்டி, செங்கல்லில் ஒரு பெரிய கட்டடம். பிரிட்டிஷ் மருத்துவச் சங்கத்தின் தலைமையகம். அந்த இடத்தில் முன்பு ஒரு வீடு இருந்தது. 1851-இலிருந்து 1860 வரை அதில் சார்லஸ் டிக்கன்ஸ் குடியிருந்தார். அதுகூட எனக்குப் பெரிதாகப் படவில்லை. அடுத்து வந்ததுதான் ஆச்சரியம். இந்தக் கட்டடத்தை லட்யன்ஸ் வடிவமைத்தது பிரம்மஞான சபைக்காக. ஆமாம், நம்ம அடையாறு சபைதான். 1911 செப்டம்பரில் அடிக்கல் நாட்டியவர் அன்னி பெசன்ட். பெசன்ட் நகருக்குப் பெயர் கொடுத்த அதே அம்மையார். அடையாறு கடற்கரையில் கண்டெடுத்த பையன், பின்னாளில் தத்துவஞானியான ஜே. கிருஷ்ணமூர்த்தியை அந்த வருஷம்தான் அவர் முதன்முதலாக இங்கிலாந்துக்குக் கூட்டி வந்திருந்தார். லட்யன்ஸின் மனைவி எமிலி அந்தப் பையனுக்கு இன்னொரு தாய் மாதிரி ஆனார். காந்தியும் மாணவராக லண்டனில் இருந்தபோது பிரம்மஞான சபைக்காரர்கள் மூலம் அன்னி பெசன்டைச் சந்தித்திருக்கிறார். இப்போது அவர் சிலை ஒரு பக்கம், அந்த அம்மையார் அடிக்கல் நாட்டிய கட்டடம் மறுபக்கம், நடுவில் ஒரு தெரு.

கட்டடம் முடியுமுன் முதல் உலகப்போர் வந்துவிட்டது. வேலை நின்றது. ராணுவம் எடுத்துக்கொண்டது. போருக்குப் பின் சபையால் அதை மீட்டு முடிக்க முடியவில்லை. மருத்துவச் சங்கம் வாங்கியது. 1925-இல் மன்னர் ஐந்தாம் ஜார்ஜ் திறந்து வைத்தார். போரில் இறந்த டாக்டர்களின் நினைவாக வாசலில் இரும்புக் கதவுகள் வைத்தார்கள்.

அப்படி டாக்டர்களின் கட்டடமாக மாறியது எண்பது வருஷம் கழித்து எதற்கு உதவியது என்பதை என்னால் மறக்க முடியாது. 2005 ஜூலை 7, காலை. சுரங்க ரயில்களில் மூன்று இடத்தில் குண்டு வெடித்து, நிலையங்களிலிருந்து ஜனங்களை வெளியேற்றி, அவர்களில் பலர் பேருந்து ஏறியிருந்தார்கள். 30-ஆம் எண் மாடிப் பேருந்து, யூஸ்டன் சாலையை அடைத்துவிட்டதால் திசைமாறி இந்தத் தெருவுக்குள் வந்தது. 9:47-க்கு இந்தக் கட்டடத்தின் வாசலில் நான்காவது குண்டு வெடித்தது. 13 பேர் போனார்கள். நான்கு இடத்திலும் சேர்த்து 52 பேர். கட்டடத்துக்குள் கூட்டத்துக்காக வந்திருந்த டாக்டர்கள் வெளியே ஓடி வந்தார்கள். உள்முற்றத்தையே ஆஸ்பத்திரியாக்கினார்கள். மேசைப் பலகைகளில் காயம்பட்டவர்களைத் தூக்கிப் போனார்களாம்.

அந்தப் பேருந்தை நான் அன்று சென்னையில் டிவியில் பார்த்திருக்கிறேன். மேல்தளம் பெயர்ந்து, சிவப்பாக, தெரு நடுவே. பின்னால் மரங்கள் தெரிந்தன. அந்த மரங்களுக்குக் கீழேதான் தினமும் இட்லி டப்பாவைத் திறந்துகொண்டிருந்தேன் என்று தெரிந்த அன்று சாப்பாடு இறங்கவில்லை. 2018-இல் தோட்டத்துக்குள் அவர்களுக்கு ஒரு நினைவுக்கல் வைத்திருக்கிறார்கள். பதின்மூன்று பெயரையும் மெதுவாக வாய்விட்டு வாசித்தேன். எங்கெங்கோ பிறந்த பெயர்கள். அவர்களில் யாரும் இந்தச் சதுக்கத்துக்கு வர வேண்டும் என்று வந்தவர்கள் இல்லை. வேலைக்குக் கிளம்பியவர்கள்.

இந்தத் தோட்டத்தில் போரில் வென்றவர்களுக்குச் சிலை இல்லை. குதிரைமேல் உட்கார்ந்த தளபதி இல்லை. அமைதிப் பூங்கா அமைப்போம் என்று யாரும் திட்டம் போட்டுச் செய்ததாகவும் தெரியவில்லை. முதலில் ஒரு மரம் வந்தது. அடுத்த வருஷம் காந்தி வந்தார். அதைப் பார்த்து, நம் பாறைக்கும் இதுதான் இடம் என்று இன்னொரு கூட்டம் வந்தது. ஒவ்வொருவராக வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்கள். மே 15, ஜூலை 7, ஆகஸ்ட் 6, அக்டோபர் 2. நாம் வீட்டில் நாள்காட்டியில் திதிகளைக் குறித்து வைத்துக்கொள்வோமே, இந்தத் தோட்டத்துக்கும் அப்படி ஒரு நாள்காட்டி இருக்கிறது. அந்த நாளுக்கு யாராவது வந்துவிடுகிறார்கள். கல்லும் செம்பும் சும்மா நிற்கும். வருகிற ஆள்தான் முக்கியம் என்று எனக்குப் பட்டது. மே 15 நான் அங்கே இருப்பேன் என்பதால் அந்த ஒரு நாளாவது போய்விடுவது என்று வைத்துக்கொண்டேன்.

அன்று லேசான தூறல். நண்பகலுக்குப் பாறையைச் சுற்றி அறுபது எழுபது பேர். பாதிப் பேர் தலை நரைத்தவர்கள். மடக்கு நாற்காலி கொண்டுவந்திருந்தார்கள். மைக் சரியாக வேலை செய்யவில்லை. யாரோ பாடினார்கள், பேசினார்கள். பிறகு பெயர்களை வாசித்தார்கள். போருக்கு மறுத்தவர்களின் பெயர்கள், பல நாட்டவை. ஒவ்வொரு பெயருக்கும் ஒருவர் முன்னே வந்து ஒரு வெள்ளைப் பூவைப் பாறைமேல் வைத்துவிட்டுத் திரும்பினார்.

என் பக்கத்தில் ஒரு மூதாட்டி. கைத்தடி, நீல மழைக்கோட்டு. என்னிடம் ஒரு பூவை நீட்டினார். நான் வெளியூர்க்காரி, இந்தப் பெயர்களில் எனக்கு யாரையும் தெரியாது என்று என் உடைந்த ஆங்கிலத்தில் சொன்னேன். தெரிந்திருக்க வேண்டியதில்லை என்றார். தன் தாத்தாவின் பெயர் வாசிக்கும்போது கூட வரச் சொன்னார். கையைப் பிடித்துக்கொண்டு போனேன். அந்தக் கை குளிரில் விறைத்திருந்தது. பூவை வைத்துவிட்டுப் பாறையை இரண்டு முறை தட்டினார், பேரப்பிள்ளையின் முதுகைத் தட்டுகிற மாதிரி. ஈரப் பாறையில் அவர் விரல் பட்ட இடம் கறுப்பாகத் தெரிந்தது. தாத்தா சிறையிலிருந்து வந்தபின் அந்த நாட்களைப் பற்றி வீட்டில் பேசியதே இல்லையாம். அவர் இறந்தபின் அலமாரியில் கடிதங்கள் கிடைத்துத்தான் தெரிந்ததாம்.

மே 17 இரவு எனக்கு விமானம். காலையில் கடைசியாக ஒருமுறை போனேன். காந்திக்குக் கீழே ஒருவர் மண்டியிட்டு உட்கார்ந்திருந்தார். ஐம்பது வயது இருக்கும், தோட்ட வேலைக்காரர் உடுப்பு இல்லை. ஒரு பழைய சாப்பாட்டுக் கத்தியால் மாடத்துக்குள் ஒட்டிய மெழுகைச் சுரண்டிக்கொண்டிருந்தார். பக்கத்தில் கிடந்த பிளாஸ்டிக் பை காற்றில் மூடிக்கொண்டே இருந்தது. என்னைப் பார்த்து, கொஞ்சம் பையைப் பிடித்துக்கொள்ள முடியுமா என்று கேட்டார்.

பிடித்துக்கொண்டேன். காய்ந்த ரோஜா, அலுமினியக் கிண்ணங்கள், நான் வைத்து வாடிப்போன டாஃபடில், செதில் செதிலாக மெழுகு. மடித்த தாள்களை மட்டும் அவர் பையில் போடவில்லை. தனியாக எடுத்து, பிரிக்காமல், மாடத்தின் ஓரமாகத் திரும்ப அடுக்கி வைத்தார். கடைசியில் ஈரத்துணியால் கல்லைத் துடைத்தார். பையை முடிச்சுப் போட்டு எழுந்தார். சட்டைப் பையிலிருந்து ஒரு புது மெழுகுவத்தியை எடுத்து என்னிடம் கொடுத்துவிட்டு, தீப்பெட்டியைத் தேடத் தொடங்கினார்.